மூன்றாம் வகுப்பு வல்லுநரும் ஒரு ப்ளவுஸும்

ஐன்ஸ்டைன் ஒரு ப்ளவுஸுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார் என்று சொன்னால் என் வீட்டில் யாரும் நம்புவதில்லை. "எந்த ஐன்ஸ்டைன்?" என்கிறார்கள். அந்த ஐன்ஸ்டைன்தான். தலைக்குச் சீப்பைக் காட்டாத, காலுக்குச் சாக்ஸை மாட்டாத அதே மனுஷர். விண்ணப்பம் போட்டது 1936 ஜூலை 31. கையில் கிடைத்தது அதே வருஷம் அக்டோபர் 27. அமெரிக்க வடிவமைப்புக் காப்புரிமை எண் 101756. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், படத்தோடு இருக்கிறது.

ப்ளவுஸ் என்றதும் ஜன்னல் கழுத்து, முதுகில் நாடா, நாடா நுனியில் குஞ்சம் என்று நினைவு எங்கெங்கோ ஓட வேண்டாம். ஆண்கள் இடுப்பு வரைக்கும் போட்டுக்கொள்ளும் தொளதொள மேலங்கிக்கும் ஆங்கிலத்தில் அதுதான் பெயர். ஐன்ஸ்டைன் வரைந்ததில் இரண்டு விசேஷங்கள். பக்கவாட்டில் இரண்டு திறப்பு. கையை நுழைக்கும் வழியும் அதுவே. முதுகில், தோள்பட்டைத் துண்டிலிருந்து இடுப்புப் பட்டி வரைக்கும் இறங்கும் ஒரு நடுத்துண்டு. விளக்கம் அவ்வளவுதான். உரிமை கோரும் வாசகம் அதைவிடச் சுருக்கம்: படத்தில் காட்டியபடி, ஒரு ப்ளவுஸின் அலங்கார வடிவமைப்பு.

'அலங்கார' என்ற சொல்லில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அது அவர் விரும்பிப் போட்ட சொல் இல்லை, சட்டம் கேட்கிற சொல். சாதாரணக் காப்புரிமை, பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு. வடிவமைப்புக் காப்புரிமை, பொருள் பார்க்க எப்படி இருக்கிறது என்பதற்கு மட்டும். 1842-இல் அமெரிக்காவில் இந்த ஏற்பாடு வந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றவர் ஜார்ஜ் ப்ரூஸ், அச்செழுத்துகளின் வடிவத்துக்காக. 1879-இல் பார்த்தோல்டி என்ற பிரெஞ்சுச் சிற்பி சுதந்திர தேவி சிலைக்கே வாங்கிவைத்துக்கொண்டார், எண் 11023. அந்த அம்மாள் போட்டிருப்பதும் தொளதொளதான். ஆக, ஒரு பொருளின் அழகுக்கு மட்டும் சான்று கொடுக்கிற அந்த ஒரே பதிவேட்டில், அழகைப் பற்றி வாழ்நாளில் கவலையே படாத ஒருவர் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

பதிவேட்டிடம் எனக்குப் பிடித்த குணம் இதுதான்: அதற்கு ஆளைத் தெரியாது. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் முதல் பக்கத்திலேயே குழந்தையின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரைந்துவிடுவார்கள். குமாஸ்தாவுக்கு அந்த நேரமும் கிடையாது, அதற்குப் படியும் கிடையாது. பெயர், முகவரி, வகுப்பு, சம்பளம், குறைபாடு. ஐன்ஸ்டைனின் வாழ்க்கையை இந்தக் காகிதங்களை மட்டும் வைத்துச் சொன்னால் சார்பியலுக்கு அடிக்குறிப்பில்கூட இடம் கிடைப்பது சந்தேகம்.

பாதத்திலிருந்து ஆரம்பிக்கலாம். காகிதமும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. 1901-இல் ஸ்விட்சர்லாந்துக் குடியுரிமை கிடைத்தது. அதற்கு முன்னால் ஜூரிக் நகராட்சி ஆள் வைத்து விசாரித்து, பையன் சுறுசுறுப்பு, உழைப்பாளி, குடிப்பழக்கம் இல்லை என்று சான்று எழுதிக்கொண்டது. நம் ஊரில் பெண் கொடுப்பதற்கு முன் விசாரிப்பது இவ்வளவுதான். அங்கே நாட்டைக் கொடுப்பதற்கு முன் விசாரித்தார்கள். குடிமகன் ஆனதும் மார்ச் 13-ஆம் தேதி ராணுவத்துக்கு உடல் பரிசோதனை. மருத்துவர் கீழே குனிந்து பார்த்து மூன்று குறைகளை எழுதினார்: காலில் நரம்பு முடிச்சு, தட்டைப் பாதம், பாதத்தில் அதிக வியர்வை. படைக்கு ஆகாது.

பிற்காலத்தில் அவர் சாக்ஸ் போடாததைப் பற்றி எத்தனை பேர் எத்தனை தத்துவம் எழுதியிருக்கிறார்கள்! ஞானியின் பற்றின்மை, மேதையின் மறதி, சம்பிரதாய எதிர்ப்பு. பாதம் வியர்க்கும் என்று ஸ்விஸ் ராணுவம் 1901-இலேயே எழுதிவைத்துவிட்டது. யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த காகிதம், படித்த பட்டம். ஜூரிக் பாலிடெக்னிக்கில் 1900-இல் கணித, இயற்பியல் ஆசிரியர் டிப்ளமா. அவர் பிரிவில் பரீட்சை எழுதியவர்கள் ஐந்து பேர். இவர் நாலாவது. ஆறுக்கு 4.91. ஐந்தாவதாக வந்து தேறாமல் போனவர் மிலேவா மாரிச். இவர் காதலி, பின்னால் மனைவி. முதல் மூன்று பேருக்கும் அதே கல்லூரியில் உதவியாளர் வேலை கிடைத்தது. இவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. வகுப்புக்கு ஒழுங்காகப் போகாமல், நண்பன் மார்செல் கிராஸ்மன் எழுதிய நோட்டை வாங்கிப் படித்துத் தேறிய பையனுக்கு எந்தப் பேராசிரியர் சிபாரிசு செய்வார்? ஐரோப்பா முழுக்க வேலைக் கடிதம் போட்டார். பதிலுக்குத் தபால் தலை வைத்து அனுப்பியும் பதில் வராத காலமும் உண்டு.

1902 பிப்ரவரி 5. பெர்ன் நகரத்துச் செய்தித்தாளில் ஒரு வரி விளம்பரம். கணிதம், இயற்பியல் தனிப்பாடம் சிறந்த முறையில் கற்றுத்தரப்படும். ஆசிரியர் டிப்ளமா பெற்ற ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், கெரெக்டிக்கைட்ஸ்காஸெ 32, முதல் மாடி. கடைசியில் ஒரு வாசகம்: மாதிரி வகுப்பு இலவசம்.

மாதிரி வகுப்பு இலவசம்! தட்டச்சு நிலையத்து வாசலில், ஹிந்தி டியூஷன் போர்டில், இன்றைக்கு யோகா மாஸ்டரின் வாட்ஸ்அப் நிலைத்தகவலில் நாம் பார்க்கிற அதே வாசகம். ஐன்ஸ்டைனிடம் இயற்பியல் கற்க ஒரு வகுப்பு இலவசமாகக் கிடைத்த ஊரில், அதற்காக வாசலில் கூட்டம் நின்றதாக எந்தக் காகிதமும் சொல்லவில்லை.

கடைசியில் காப்பாற்றியது சிபாரிசுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரபஞ்சத்துக்கே அது நல்லதாகப் போயிற்று. நோட்டுக் கொடுத்த கிராஸ்மனின் அப்பாவுக்கு, பெர்னில் இருந்த ஸ்விஸ் காப்புரிமை அலுவலகத்தின் இயக்குநர் ஃப்ரெட்ரிக் ஹாலரைத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னார். 1902 ஜூனில் உத்தரவு வந்தது: தொழில்நுட்ப வல்லுநர், மூன்றாம் வகுப்பு. தற்காலிகம். வருஷத்துக்கு 3500 ஃபிராங்க். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம்.

வேலை என்னவென்றால், மற்றவர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்வதைச் சந்தேகத்தோடு படிப்பது. ஹாலர் அதற்கென்றே தன் ஆட்களைப் பழக்கியிருந்தார்: மனுவை எடுத்ததும், அதில் இருப்பது எல்லாமே தப்பு என்று நினைத்துக்கொண்டு ஆரம்பி. நம் ஊர்த் தாலுகா அலுவலகத்திலும் இதே முறைதான். ஆனால் அங்கிருந்து சார்பியல் வரவில்லை. காலம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று நியூட்டன் போட்டிருந்த மனுவையும் இந்த மூன்றாம் வகுப்பு ஆள் அதே கண்ணோடு படித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

1904-இல் வேலை நிரந்தரமானது. சம்பளம் 3900. இரண்டாம் வகுப்புக்கு உயர்த்தலாமா என்ற பேச்சு வந்தபோது ஹாலர் வேண்டாம் என்றார்: ஆள் கெட்டிக்காரர், ஆனால் படித்தது இயற்பியல், இயந்திரத் தொழில்நுட்பம் இன்னும் முழுக்கப் பிடிபடவில்லை, பிடிபடட்டும். அதே வருஷம் அதே அலுவலகத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது என்று தன் நண்பர் மிக்கேலே பெஸ்ஸோவுக்குச் சொல்லி மனுப் போடவைத்தார் ஐன்ஸ்டைன். பெஸ்ஸோ வந்தார். நேராக இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தார். வேலை இருக்கிறது என்று சொன்னவன் மூன்றாம் வகுப்பில். கேட்டு வந்தவன் அவன் தலைக்கு மேல். அரசு அலுவலகம் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆனால் ஐன்ஸ்டைன் வன்மம் வைக்கவில்லை. 1905-இல் சார்பியல் கட்டுரை எழுதி முடித்தபோது கடைசியில் நன்றி சொன்னது ஒரே ஒருவருக்கு, பெஸ்ஸோவுக்கு. அந்தக் கட்டுரையில் மேற்கோள் பட்டியலே கிடையாது. காப்புரிமை அலுவலகத்தில் முந்தைய கண்டுபிடிப்புகளைத் தேடித் தேடி மற்றவர்களை மடக்குவதே தொழில். தன் கட்டுரைக்கு மட்டும் அந்த வேலையை அவர் வைத்துக்கொள்ளவில்லை. மேலதிகாரி காலடி ஓசை கேட்டால் தன் கணக்குத் தாள்களை மேஜை இழுப்பறைக்குள் தள்ளிவிடுவார் என்பார்கள். அந்த வருஷத்தில் மட்டும் ஒளித்துகள், பிரௌனிய இயக்கம், சார்பியல், நிறையும் ஆற்றலும் ஒன்றே என்று வரிசையாக நாலு. இவ்வளவுக்கும் பிறகு, 1906 ஏப்ரலில், நாடு அவருக்குச் செய்த மரியாதை: இரண்டாம் வகுப்பு, 4500 ஃபிராங்க்.

இப்போது உரிமத்துக்கு வருகிறேன். அந்தக் கால ஜெர்மன் மொழி நாடுகளில் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்ல வேண்டுமென்றால் கற்பிக்கும் உரிமம் ஒன்று தனியாக வாங்க வேண்டும். டாக்டர் பட்டம் போதாது. பிளம்பருக்கு உரிமம் மாதிரி இதுவும் ஓர் உரிமம். ஒரே வித்தியாசம், பிளம்பருக்குச் சம்பாத்தியம் உண்டு. உரிமம் வாங்கிய தனி விரிவுரையாளருக்குப் பல்கலைக்கழகம் சம்பளம் தராது. வந்து உட்கார்கிற மாணவர்கள் கொடுக்கிற கட்டணம்தான்.

1907-இல் ஐன்ஸ்டைன் பெர்ன் பல்கலைக்கழகத்தில் இந்த உரிமத்துக்கு மனுப் போட்டார். இணைப்பு: அச்சில் வந்த 17 கட்டுரைகள். சார்பியலும் அதில் ஒன்று. பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பியது. உரிமத்துக்கென்று தனியாக எழுதப்பட்ட, இதுவரை எங்கும் வெளிவராத ஆய்வேடு ஒன்று இணைக்கப்படவில்லை. விதி விதிதான். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போகிறவன் பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகத் தன்னையே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் ஒத்துக்கொள்வார்களா? ஐன்ஸ்டைனும் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு ஓர் ஆய்வேடு எழுதிக் கொடுத்தார். 1908 பிப்ரவரியில் உரிமம் கிடைத்தது.

முதல் பருவத்தில் வகுப்பு செவ்வாயும் சனியும், காலை ஏழிலிருந்து எட்டு. அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் முடிக்க வேண்டுமே! வந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் சிநேகிதர்கள், பெஸ்ஸோ உட்பட. அதாவது, உரிமம் இல்லாமலே காப்பிக் கடையில் இவர்களிடம் தினமும் பேசிக்கொண்டிருந்ததை, உரிமம் வாங்கி விடியற்காலையில் பேசினார். அடுத்த வருஷம் ஒரு பருவத்தில் கேட்க வந்தவர் ஒரே ஒருவர் என்று ஆனதும் வகுப்பை ரத்து செய்துவிட்டார்.

அவர் அலுவலகத்தில் எழுதிய மதிப்பீடுகள் என்ன ஆயின? ஏழு வருஷத்தில் எவ்வளவோ மனுக்களைப் படித்து எழுதியிருப்பார். ஸ்விஸ் விதிப்படி அந்தக் கோப்புகளை 18 வருஷம் வைத்திருக்க வேண்டும், பிறகு அழிக்கலாம். 18 வருஷம் முடிந்தது 1920-களில். அதற்குள் அவர் நோபல் பரிசு வாங்கிய, உலகமே போட்டோ எடுத்த ஆசாமி. விதியில் அதற்கு விலக்கு எழுதப்படவில்லையே, அழித்துவிட்டார்கள். தப்பித்தது சொற்பம். அதில் ஒன்று 1907 டிசம்பர் தேதியிட்டது: பெர்லினின் பெரிய மின்சாரக் கம்பெனியான ஏ.இ.ஜி. போட்ட மாறுமின்னோட்ட இயந்திர மனு. உரிமைக் கோரிக்கை சரியாகவும் இல்லை, துல்லியமாகவும் இல்லை, தெளிவாகவும் இல்லை என்று மூன்று சாட்டையடி. இந்தக் கம்பெனியின் பெயரை மறக்க வேண்டாம், திரும்ப வரும்.

1909-இல் வேலையை விட்டார். ஜூரிக்கில் பேராசிரியர் பதவி, சம்பளம் அதே 4500. அதன் பிறகு நடந்த உலகப் புகழ், சூரிய கிரகணம் எல்லாம் எல்லாருக்கும் தெரியும், இங்கே வேண்டாம்.

ஆனால் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மனுஷர் இந்தப் பக்கம் வந்து நின்றார், மனுவோடு. பெர்லினில் ஒரு குடும்பம் குளிர்பெட்டியிலிருந்து கசிந்த விஷ வாயுவில் தூக்கத்திலேயே செத்துப்போன செய்தியைப் பேப்பரில் படித்து மனம் கலங்கினார். இளம் நண்பர் லியோ ஸிலார்டோடு சேர்ந்து, அசையும் உறுப்பே இல்லாத குளிர்பெட்டி செய்யலாம் என்று கிளம்பினார். இரண்டு பேருமாகப் பல நாடுகளில் 45-க்கு மேல் காப்புரிமை வாங்கினார்கள். அமெரிக்காவில் 1930 நவம்பர் 11, எண் 1781541. ஒரு வடிவத்தை எலக்ட்ரோலக்ஸ் விலைக்கு வாங்கி, தன் சொந்தப் பெட்டிக்குப் போட்டி வராதபடி பத்திரமாகப் பூட்டிவைத்தது. இன்னொரு வடிவத்தைச் செய்து பார்க்கக் காசு போட்டது யார்? ஏ.இ.ஜி.! யாருடைய மனுவை உருப்படாதது என்று கிழித்தாரோ அவர்களுடைய காசு. உருகிய உலோகத்தை மின்காந்தத்தால் தள்ளும் அந்தப் பம்பு வேலை செய்தது. கூடவே ஊளையும் இட்டது. நரி ஊளையிடுவதுபோல் இருந்தது என்றார் இயற்பியலாளர் டெனிஸ் காபர். சமையலறையில் நரி வைத்துக்கொள்ள யாருக்கு ஆசை? 1930-களின் பொருளாதாரச் சரிவு அதை மூடிவைத்தது. பம்பு மட்டும் பின்னாளில் அணு உலைகளுக்குப் பயன்பட்டது.

அடுத்தது காது கேட்கும் கருவி. ருடால்ஃப் கோல்ட்ஷ்மிட் என்ற பொறியாளரோடு சேர்ந்து, காது மந்தமான பாடகி ஒருவருக்காக. 1929-இல் ஜெர்மனியில் மனு. காப்புரிமை வெளிவந்தது 1934 ஜனவரி 10-இல். இடைப்பட்ட காலத்தில் ஹிட்லர் வந்து, ஐன்ஸ்டைனின் வங்கிக் கணக்கையும் பாய்மரப் படகையும் பறிமுதல் செய்திருந்தார். அவர் அமெரிக்காவுக்கே போய்விட்டார். காப்புரிமை அலுவலகத்து ஜெர்மன் குமாஸ்தாவுக்கு அதெல்லாம் வேறு இலாகா. வரிசை எண் வந்தது, முத்திரை குத்தினார். இரண்டு மாதம் கழித்து இன்னொரு இலாகா அவருடைய குடியுரிமையைப் பறித்தது. எல்லாம் ஒழுங்காகக் கோப்பில் இருக்கிறது.

இப்படியாக பிரின்ஸ்டன் வந்து சேருகிறோம், 1936. எக்ஸ்ரே படம் தெளிவாக விழ ஒரு தடுப்புக் கண்ணியைக் கண்டுபிடித்துப் பெயரெடுத்த மருத்துவர் குஸ்டவ் பக்கி, இவருடைய குடும்ப நண்பர். இரண்டு பேரும் சேர்ந்து, வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் கேமராவுக்கு ஒரு காப்புரிமை வாங்கினார்கள். எண் 2058562. தேதியைக் கவனியுங்கள்: 1936 அக்டோபர் 27. ப்ளவுஸ் கிடைத்த அதே செவ்வாய்க்கிழமை. ஒரே நாளில் கேமராவும் ப்ளவுஸும் ஒன்றாகப் பாஸான ஒரே இயற்பியலாளர் இவராகத்தான் இருப்பார். கேமராவில் பக்கி கூட்டாளி. ப்ளவுஸில் ஐன்ஸ்டைன் மட்டும், தனி ஆள். அந்தக் கண்டுபிடிப்பில் பங்கு கேட்க வேறு யாரும் முன்வரவில்லை.

பாருங்கள், கையை நுழைக்கும் ஓட்டையும் பக்கத் திறப்பும் ஒன்றே என்ற அந்த யோசனை. ஒன்றுதான் என்று சொல்லிவிடுவது அவருடைய பழைய பழக்கம். காலமும் இடமும் ஒன்று, நிறையும் ஆற்றலும் ஒன்று, ஈர்ப்பும் முடுக்கமும் ஒன்று. கடைசியில் கைக்குழிக்கும் பக்கத் திறப்புக்கும் வந்து நின்றது. எங்கள் தெருத் தையல்காரர் அண்ணாச்சியிடம் அந்தப் படத்தைப் போனில் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். "யாரு தம்பி கட்டிங் போட்டது?" என்றார். சொன்னேன். "கைக்குழி சரியில்ல. அக்குள்ல பிடிக்கும். துணியும் நிறைய திங்கும்," என்று சொல்லிவிட்டு மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். ஹாலர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

1938 ஏப்ரல் 4-ஆம் தேதி 'டைம்' இதழின் அட்டையில் ஐன்ஸ்டைன் படம் வந்தது. ப்ளவுஸுக்குக் காப்புரிமை வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. உலகமே பார்க்கப்போகிற அட்டை. தன் வடிவமைப்பை மாட்டிக்கொண்டு நிற்க இதைவிட நல்ல சமயம் ஏது? அவர் போட்டிருந்தது கடையில் வாங்கிய தோல் ஜாக்கெட். லீவைஸ் கம்பெனி தைத்தது. கால்சட்டைப் பையின் மூலையில் செம்பு ஆணி அடித்தால் கிழியாது என்று ஒரு தையல்காரர் கண்டுபிடிக்க, அதற்கு 1873-இல் அவரோடு கூட்டாகக் காப்புரிமை வாங்கிக் காலூன்றிய கம்பெனி அது. வருஷக்கணக்காக அந்த ஒரே ஜாக்கெட்டைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தார். 2016-இல் அது லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது லீவைஸே 1,10,500 பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. பைப் புகையிலை வாசம் இன்னும் அதில் போகவில்லையாம்.